மைனர் ஷ்யாமளாவின் வருமானம்

பம்பாய் மாட்டுங்காவில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் யாருக்கு ஃபாரம் நிரப்ப வேண்டியிருந்தாலும் இரண்டாம் மாடி நாணுவிடம்தான் போவார்கள். ரேஷன் கார்டா, பால் கார்டா, எல்.ஐ.சி.யா, பையனுக்கு ஸ்கூல் அட்மிஷனா, எதுவானாலும் சரி. நாணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேனா முள்ளைத் துணியால் துடைத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக எழுதித் தருவார். காசு வாங்கமாட்டார். எழுதி முடிகிறவரை அவர் பெருமையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் கூலி.

"கவர்மென்ட் மனுஷனைப் பாக்காது ஓய். பேப்பரைத்தான் பாக்கும். பேப்பர் சரியா இருந்தா எமனையே வாசல்ல நிறுத்தி வெச்சுடலாம்" என்பார்.

மனுஷன் நல்லவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு வருத்தப்பட வேண்டியதில்லை. ஃபோர்ட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் வேலை, மாசம் அறுநூற்றிருபது ரூபாய் சம்பளம், ஒரு வெற்றிலைப் பழக்கம்கூடக் கிடையாது. குறை ஒன்றே ஒன்றுதான். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் அவருக்கும் வாலாம்பாளுக்கும் குழந்தை இல்லை. டாக்டர், ஜோசியர், குருவாயூர் எல்லாம் பார்த்தாயிற்று.

செம்பூர்ப் பக்கம் திலக் நகரில் இருந்த அண்ணா சங்கரனுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. அங்கே நேர்மாறு. நாலு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதும் பெண். ஐம்பத்தேழாம் வருஷம், அந்தக் குழந்தைக்கு எட்டு மாசம் ஆனபோது, சங்கரனும் மன்னி தைலாம்பாளும் அதைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்காவுக்கு வந்தார்கள். பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கத்தான் சாஸ்திரம் உண்டு, பெண்ணுக்கு மந்திரம் கிடையாது என்று வாத்தியார் கையை விரித்துவிட்டார். அதனால் ஹோமம் இல்லை, ஒன்றும் இல்லை. மனையில் வாலாம்பாளை உட்கார வைத்து, தைலாம்பாள் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு குழந்தையை அவள் மடியில் போட்டு, "இனிமே இது உன் கொழந்தை" என்றாள். சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். ஊருக்கெல்லாம் காகிதம் எழுதிக் கொடுத்த நாணு அன்றைக்கு ஒரு காகிதமும் எழுதவில்லை. அண்ணாவிடம் போய்க் கையெழுத்தா கேட்பது?

ஷ்யாமளா வளர்ந்தாள். வாய்த்துடுக்கு, பிடிவாதம், கணக்கில் புலி. நாணுவை 'அப்பா' என்பாள், சங்கரனைப் 'பெரியப்பா', தைலாம்பாளைப் 'பெரியம்மா'. பெற்றவளுக்கு அந்தப் 'பெரியம்மா' எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

வருஷா வருஷம் போனஸ் வந்ததும் நாணு அதில் ஒரு பைசாகூடத் தொடமாட்டார். நேரே கம்பெனி டெபாசிட், இல்லாவிட்டால் நாலு ஷேர், எல்லாம் குழந்தை பேரில். 'மைனர் ஷ்யாமளா, தகப்பனாரும் கார்டியனும் நாணு' என்று எழுதுகிறபோது அவருக்கு மார்பு விம்மும். ஒன்பது வருஷத்தில் எட்டாயிரம் ரூபாய் சேர்ந்துவிட்டது. டிவிடெண்ட் கவர் வந்தால் அவளைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார். "பாருடி, பொறக்கறச்சேயே நீ சீமாட்டி! உனக்குன்னு வருமானம் வரது!" என்று சிரிப்பார்.

அந்த வருமானத்தில்தான் வினை வந்தது. டிவிடெண்ட் கொடுக்கிறபோதே கம்பெனி வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். பத்து வயசுக் குழந்தைக்கு வரி எதற்கு என்று நாணுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அறுபத்தாறாம் வருஷம், பிடித்த முப்பத்தெட்டு ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று மைனர் ஷ்யாமளா பேரில் ஒரு மனு எழுதி இன்கம்டாக்ஸ் ஆபீசில் போட்டார். வேறு ஒருத்தனாக இருந்தால் முப்பத்தெட்டு ரூபாய் ஒழியட்டும் என்று விட்டிருப்பான். இவருக்குத்தான் ஃபாரம் எழுதுகிற கை சும்மா இருக்காதே!

பணம் வரவில்லை. நோட்டீஸ் வந்தது.

ஆபீசர் மரியாதையான மனுஷர், நாற்காலி கொடுத்து உட்காரச் சொல்லித்தான் விளக்கினார். மைனர் குழந்தைக்குத் தகப்பன் தன் பணத்தைக் கொடுத்து, அதிலிருந்து வட்டியோ டிவிடெண்டோ வந்தால், சட்டப்படி அது தகப்பனுடைய வருமானம். அவன் சம்பளத்தோடு கூட்டித்தான் வரி போடவேண்டும். இல்லாவிட்டால் பம்பாயில் இருக்கிற சேட்டுகளெல்லாம் சொத்தைத் தொட்டில் குழந்தை பேரில் மாற்றிவிட்டு நான் ஏழை என்று நின்றுவிடுவார்களே! நாணு ஒரு வருஷம்கூட அந்த வருமானத்தைத் தன் கணக்கில் காட்டவே இல்லை. ஆகவே, சட்டம் திரும்பிப் பார்க்க விடுகிற நாலு வருஷத்துக்கும் வரி இருநூற்றுச் சொச்சம். மறைத்ததற்கு அபராதம் தனி.

மறைத்ததற்கு! இருபது வருஷம் ஒரு புள்ளி பிசகாமல் கணக்கு எழுதினவருக்கா அந்த வார்த்தை! ஆபீசில் தெரிந்தால் என்ன ஆகும்? கட்டடத்தில் தெரிந்தால் நாளைக்கு எவன் வந்து ஃபாரத்தை நீட்டுவான்?

நேரே கிட்டுவிடம் ஓடினார். கிட்டு கிங்ஸ் சர்க்கிளில் ஒரு மாடியறையில் இன்கம்டாக்ஸ் கேஸ் பார்க்கிறவன். எதிலும் ஒரு சந்து கண்டுபிடிப்பான்.

"ஏன் ஓய், அது நீர் பெத்த கொழந்தையா?" என்று கேட்டான்.

"அது உமக்குத் தெரிஞ்ச கதைதானே. அண்ணா பொண்ணு. எனக்குக் குடுத்துட்டார்."

"குடுத்தார்னு பேப்பர் இருக்கோ?"

"பேப்பர் எதுக்கு? மடியில போட்டுக் குடுத்தா."

கிட்டு மேஜையில் தட்டினான். "போறும், கேஸ் முடிஞ்சுது! சட்டம் தகப்பனைத்தான் பிடிக்கும். சித்தப்பன் அண்ணா பொண்ணுக்கு ஆசையா நாலு காசு குடுத்தா அது அவ சொந்தக் காசு, அவ வருமானம். உமக்கு வரியும் இல்லே, அபராதமும் இல்லே. சுவீகாரமே நடக்கலே, ஆத்துல வெச்சுண்டு படிக்க வெக்கறேன், அவ்வளவுதான்னு சத்தியம் பண்ணி ஒரு அஃபிடவிட் போட்டுடலாம்."

"ஸ்கூல்ல என் பேர்னா இருக்கு? ரேஷன் கார்டுல?"

"சௌகரியத்துக்காகப் போட்டதுன்னு அதையும் எழுதிடறேன்."

கிட்டு ஒன்றையும் விடவில்லை. நாணு அன்று சாயங்காலம் அதை வீட்டில் சொன்னார். வாலாம்பாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மணையை மடக்கிவிட்டு எழுந்து நின்றாள்.

"ஏன்னா, அவ நம்ம கொழந்தை இல்லேன்னா எழுதிக் குடுக்கப் போறேள்?"

"இன்கம்டாக்ஸுக்கு மட்டும்டி. வெறும் பேப்பர்."

"பேப்பரைத்தானே கவர்மென்ட் பாக்கும்னு தெனம் பிரசங்கம் பண்றேள்? வேண்டாம்னா. எரநூறு ரூபாய் போனாப் போறது. என் வளையலை வேணா வித்துக் கட்டுங்கோ."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார் நாணு. இந்த ஒரு வார்த்தைக்காக அவரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாம் போலிருக்கிறது. அவளுக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது.

அஃபிடவிட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குர்லாவில் வண்டி மாறிச் செம்பூர் போனார். பெற்ற தகப்பன் என்ற முறையில் சங்கரனும் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், டெபாசிட்டுகளிலும் கார்டியன் பெயரைச் சங்கரன் என்று மாற்றவேண்டும் என்பது கிட்டுவின் ஏற்பாடு. சங்கரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். தைலாம்பாள்தான் கதவோரம் நின்று கேட்டாள்.

"இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்கு?"

சங்கரன் படித்துச் சொன்னார். "ஷ்யாமளா எங்க பொண்ணு. யாருக்கும் சுவீகாரம் குடுக்கலே. இன்னிக்கும் எங்க பொண்ணுதான்னு எழுதியிருக்கு."

அவள் உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். அதில் சர்க்கரை போட மறந்திருந்தாள்.

வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் விசாரிக்க வரலாம் என்று கிட்டு எச்சரித்திருந்தான். அதனால் நாணு ஒரு வாரம் ஷ்யாமளாவுக்குப் பாடம் நடத்தினார். வாய்ப்பாடு கேட்கிற மாதிரி தினம் சாயங்காலம் கேட்பார். உன் அப்பா யாரு? திலக் நகர் சங்கரன். அம்மா? தைலாம்பாள். நான்? சித்தப்பா.

"எதுக்குப்பா பொய் சொல்லணும்?"

"சொல்லலேன்னா அந்த ஆபீசர் அப்பாவைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுடுவார். உனக்கு அப்பா வேணுமா வேண்டாமா?"

குழந்தையின் முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் அவளாகவே, "இன்னொரு தடவை கேளு" என்றாள். நாணு அதோடு விட்டாரா? கெட்டிக்காரராயிற்றே! ஆபீசர் எப்படியெல்லாம் மடக்குவார் என்று தானே நடித்துக் காட்டினார். குரலைக் குழைத்து, "இல்லேடி செல்லம், பயப்படாதே, நெஜத்தைச் சொல்லு, ஒண்ணும் ஆகாது" என்பார். முதல் நாள் அவள் ஏமாந்து "அப்பா" என்றுவிட்டாள். "போச்சு! என்னைப் பிடிச்சுண்டு போயிட்டா!" என்றார். அவள் ஓவென்று அழுதாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் ஏமாறவில்லை. யார் என்ன கெஞ்சினாலும், "நெஜமாத்தான் சொல்றேன், சித்தப்பா" என்று கண்ணைப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் தோல்பையும் காகிதமுமாக வந்தார். ஹிந்தியில் கேட்டார். ஷ்யாமளா, சங்கரன்தான் அப்பா, இவர் சித்தப்பா என்று மணி அடித்த மாதிரி பதில் சொன்னாள். வாலாம்பாள் சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை.

கேஸ் ஜயித்தது. ஆனால் ஆபீசர் சும்மா விடவில்லை. உமக்குக் குழந்தையே இல்லை என்றால், இத்தனை வருஷம் ஒரு குழந்தை உண்டு என்று வரியில் சலுகை எடுத்தீரே, அதைக் கட்டும் என்றார். எழுபது ரூபாய் சொச்சம் கட்டினார். கிட்டு ஃபீஸ் ஐம்பது. அபராதத்தை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் மிச்சம் நூறு ரூபாய்கூட இல்லை. ஃபைலை மறுபடியும் திறந்தாலும் திறப்பார்கள், கொஞ்ச வருஷம் ஜாக்கிரதையாக இருக்கணும் என்று கிட்டு சொன்னதால், நாணு குழந்தைக்கு ஒரு சட்டம் போட்டார். வீட்டுக்குள் நாம் மட்டும் இருந்தால் அப்பா. வேற்று மனுஷர் முன்னால் சித்தப்பா. அவள் அதை ஒருநாளும் மீறவில்லை.

ஆறு மாசம் கழித்து தைலாம்பாளுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் மிச்சம். படுத்த படுக்கையில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். சங்கரன் மாட்டுங்காவுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி அதைச் சொன்னார்.

"நாணு, தைலம் ஷ்யாமளாவைக் கேக்கறா."

"நாளைக்கே அழைச்சுண்டு வரேன், ரெண்டு நாள் இருக்கட்டும்."

"ரெண்டு நாள் இல்லேடா. அவளுக்குக் கொழந்தை வேணுமாம். 'நான் குடுக்கவே இல்லேன்னுதானே எழுதியிருக்கு? குடுக்காத கொழந்தை ஏன் அங்கே இருக்கணும்?'னு கேக்கறா. பத்து வருஷமா நெஞ்சுல வெச்சிண்டு இருந்திருக்கா, எனக்கே தெரியாது. அவ எத்தனை நாளோ. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

நாணு கத்தினார், அண்ணாவை என்னென்னவோ சொன்னார், அப்புறம் காலைப் பிடித்துக்கொண்டார். சங்கரனும் அழுதார். ஆனால் போகிறபோது, "நீ எழுதினதுதானேடா" என்றார்.

மறுநாள் நாணு வக்கீல் ஜகந்நாதனைப் பார்த்தார். ஜகந்நாதன் அண்ணா தம்பி இரண்டு பேருக்கும் பாலக்காட்டிலிருந்தே பழக்கம். அஃபிடவிட் நகலைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சுவீகாரம் ஒரு தடவை நடந்துட்டா அதைக் குடுத்தவாளாலயும் மாத்த முடியாது, எடுத்தவாளாலயும் மாத்த முடியாது. புதுச் சட்டப்படி பொண்ணுக்கும் அது செல்லும், மடியில போட்டுக் குடுத்ததே போறும். ஆனா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லேன்னு நீரே சத்தியம் பண்ணியிருக்கீரே!"

"பொய்ச் சத்தியம்னு சொல்லிடறேன். அபராதம் கட்டறேன். ஜெயிலுக்கு வேணும்னாலும் போறேன்."

அப்போதுதான் முதல் தடவையாக நாணு ஒரு காகிதத்தை விட மனுஷர்களைப் பெரிதாக நினைத்துப் பேசினார். ஜகந்நாதனுக்கே மனசு கேட்கவில்லை. கோர்ட்டுக்குப் போனால் குடும்பம் நாறும், அதைவிடக் குழந்தையையே கேட்டுவிடலாம் என்றார். அவள் நாணுதான் அப்பா என்று சொல்லிவிட்டால், அன்று மடியில் போட்டுக் கொடுத்தது நிஜம் என்று சங்கரன் புதுசாக எழுதிக் கொடுக்கவேண்டும். சங்கரன் ஒத்துக்கொண்டார். தைலாம்பாளும் கண்ணை மூடிக்கொண்டு, "கொழந்தை வாயாலயே வரட்டும்" என்றாள். முன்கூட்டி யாரும் குழந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்பது ஜகந்நாதன் போட்ட நிபந்தனை. நாணு அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். சொல்லித்தர என்ன இருக்கிறது? அவள் தன் பெண். செம்பூர் போன அன்று ரயிலில் வாலாம்பாள் ஷ்யாமளாவின் பின்னலை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டுக்கொண்டே வந்தாள்.

திலக் நகரில் கூடத்துக் கட்டிலில் தைலாம்பாள் தலையணையில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் சங்கரன். ஜகந்நாதன் கறுப்புக் கோட்டும் தோல்பையுமாக வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். ஷ்யாமளா அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் பையைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், நாணுவைத் திரும்பிப் பார்த்தாள். நாணு தைரியம் சொல்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

"கொழந்தே, பயப்படாதே. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உன் அப்பா யாரு?"

அவள் நிமிர்ந்து நின்றாள். சங்கரனைக் காட்டினாள்.

"இவர்தான் என் அப்பா. இவா என் அம்மா. அவர் என் சித்தப்பா."

நாணுவுக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்ததும் அவர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லேடி செல்லம். இவர் ஆபீசர் இல்லே. நெஜத்தைச் சொல்லு, ஒண்ணும் ஆகாது. நான் யாரு, சொல்லு."

சொல்லச் சொல்ல அவருக்கே தெரிந்தது, இதெல்லாம் அவர் நடித்துக் காட்டிய வார்த்தைகள்தான். ஷ்யாமளா அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"நெஜமாத்தான் சொல்றேன், சித்தப்பா."

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்!" என்று நாணு கத்தினார். "அண்ணா, இது நான் சொல்லிக் குடுத்தது! இன்ஸ்பெக்டருக்காகச் சொல்லிக் குடுத்தேன்! என்னைப் பிடிச்சுண்டு போயிடுவான்னு பயந்துண்டு சொல்றா!"

ஜகந்நாதன் காகிதத்தை மடித்தார். "நீர் எழுதினது பொய்ங்கறீர். சொல்லிக் குடுத்தது பொய்ங்கறீர். இப்போ சொல்றது மட்டும் நெஜம்னு நான் எதை வெச்சு நம்பறது, நாணு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தைலாம்பாள் நல்ல கையை நீட்டி, "வாடி என் கண்ணே" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். வாலாம்பாள் சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தாள். நாணு அத்தனை பேர் முன்னால் குழந்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

அவர் அழுது ஷ்யாமளா பார்த்ததே இல்லை. அவள் உதடு பிதுங்கியது. ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டாள். தோல்பைக்காரர் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் காதிலும் விழட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தி, நாணுவின் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அழாதே, சித்தப்பா."